16 நாளில் ஆதாம், ஒரே நாளில் ஒளி

"இதெல்லாம் வரைய எத்தனை நாள் ஆகியிருக்கும்?" என்று அம்மா என் காதோரம் கேட்டார். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் பேச்சு கொஞ்சம் எழும்பினாலே காவலர்கள் "சிலென்ஸியோ" என்று அடக்கிவிடுவார்கள். அது நல்லதுதான். அருங்காட்சியகம் வழியாக நுழைந்தாலும் அது கோயில். திருத்தந்தையை, அதாவது போப்பைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் கூடுவதும் அங்கேதான். சுவரோரப் பெஞ்சில் இடம் கிடைத்ததும் அம்மா ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார். நான் மெதுவாகக் கணக்குச் சொன்னேன்.

திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் கேட்டு மைக்கலாஞ்சலோ இந்த விதானத்தில், அதாவது மேற்கூரையின் உட்புறத்தில், ஓவியம் வரையும் வேலையை ஒப்புக்கொண்டது 1508 மே மாதம். முழு விதானமும் திறக்கப்பட்டது 1512 அக்டோபர் 31, அனைத்துப் புனிதர் திருவிழாவுக்கு முந்தின நாள். நடுவில் பல மாதங்கள் வேலை நின்றும் போனது.

ஆனால் என் மனதைத் தொட்டது வருடக் கணக்கு இல்லை, நாள் கணக்கு. காலையில் சுண்ணாம்புச் சாந்தை அன்றைக்கு வரைய முடிகிற அளவுக்கு மட்டும் பூசுவார்கள். ஈரம் காய்வதற்குள் வண்ணம் ஏற வேண்டும். காயும்போது சுண்ணாம்பு கல்லாக இறுகி நிறத்தைத் தன்னோடு பிடித்துக்கொள்ளும். தவறு நேர்ந்தால் சாந்தைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். இந்த ஒரு நாள் பகுதிக்கு இத்தாலியர்கள் சொல்லும் பெயர் 'ஜோர்னாத்தா'. அருகில் போய்ப் பார்த்தால் ஒட்டுகள் தெரியும், எத்தனை நாள் என்று எண்ணிவிடலாம். சுமார் 20 மீட்டர் கீழே உட்கார்ந்திருக்கும் நமக்கு எதுவும் தெரியாது.

அவர் தொடங்கியது நோவாவின் காட்சிகளிலிருந்து. வெள்ளப்பெருக்குக்கு மட்டும் 29 நாள். அதற்குள் சாந்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. 'இது என் கலையே இல்லை' என்று அவர் திருத்தந்தையிடமே போய் நின்றதாக, அவர் வாழ்நாளிலேயே வந்த வரலாறு சொல்கிறது. சிற்பிதானே அவர்! சாந்தில் தண்ணீர் கூடிவிட்டது என்று கட்டடக் கலைஞர் சங்கல்லோ விளக்கிய பிறகு திரும்பவும் சாரம் ஏறினார். படுத்துக்கொண்டு வரைந்தார் என்று பலரும் சொல்வார்கள். அப்படி இல்லை. நின்றபடி, தலையை அண்ணாந்து, வண்ணம் முகத்தில் சொட்டச் சொட்ட வரைந்தார்.

ஆதாமின் படைப்புக்கு 16 நாள். அப்புறம் பீடத்துக்கு நேர் மேலே, ஒளியையும் இருளையும் பிரிக்கும் கடவுள். அதை ஒரே நாளில் முடித்துவிட்டார். படைப்பின் முதல் நாளை, ஒரே நாளில்! அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுத்தது.

பீடச் சுவரில் இருக்கும் இறுதித் தீர்ப்பு பிறகு வந்தது. 1536இல் தொடங்கும்போது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. சுமார் 450 ஒரு நாள் பகுதிகள். அதுவும் திறக்கப்பட்டது 1541இல் அதே அக்டோபர் 31 அன்றுதான்.

அம்மாவுக்குக் கழுத்து வலி உண்டு, அதிக நேரம் அண்ணாந்து பார்க்க முடியாது. "அந்த ஒரு நாள் படம் எது?" என்று மட்டும் கேட்டார். காட்டினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, "ஒளி தோன்றுக" என்று உதட்டுக்குள் சொன்னார்.