ஒரு கத்தரிக்காய்க்கு 14 பாயின்ட்

நேற்று சத்துவாச்சாரியில் பிள்ளைகள் சேர்ந்து கேம் செய்யும் நாள் ஒருவழியாக நடந்து முடிந்தது. 23 பிள்ளைகள், 9 லேப்டாப். நெட் காலை வாரும் என்று தெரிந்து, முந்தின இரவே எல்லாவற்றிலும் பிள்ளைகள் கேம் செய்ய உதவும் ஸ்க்ராட்ச் மென்பொருளை ஆஃப்லைனாக ஏற்றி வைத்திருந்தேன். நெட் வாரவில்லை, கரன்ட் வாரியது. வேலூர் வெயிலில் ஃபேன் இல்லாமல், பேட்டரியை நம்பி ஒரு மணி நேரம்.

கூடையில் ஆப்பிள் பிடிக்கும் கேம்தான் திட்டம். அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஏழாம் வகுப்புப் பாப்பா ஆப்பிளைத் தூக்கிவிட்டு முள்ளு கத்தரிக்காய் வரைந்தாள், காம்பில் முள் உட்பட! (2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய், சும்மாவா?) ஸ்க்ராட்ச்சின் உயரக் கணக்கில் திரையின் நடு 0, உச்சி 180. கட்டளைகள் திரும்பத் திரும்பச் சுற்றி ஓடும்; அங்கிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் உயரத்தில் 5 குறைத்தால் காய் இறங்கும். இறங்கியது, கூடையில் பட்டது, ஸ்கோர் ஒரேயடியாக 14.

"அண்ணா, ஒரு காய்க்கு 14ஆ?"

நானும் பத்து நிமிடம் முழித்தேன். அப்புறம்தான் பிடிபட்டது. காய் கூடையைத் தொட்டபடி இறங்கும்போதும் சுற்று ஓடிக்கொண்டே இருக்கிறது, சுற்றுக்கு ஒரு பாயின்ட். தொட்டதுமே காயை மேலே அனுப்பிவிட்டால் சரி. அதை நான் சொல்வதற்குள் பக்கத்துப் பையன் சொல்லிவிட்டான்.

அடுத்த மாதமும் வைக்கிறோம். டச்பேடில் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. வீட்டில் சும்மா கிடக்கும் மவுஸ் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், காட்பாடி வரை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.