ஃபிஷ் ஃபைண்டரில் ஜிபிஎஸ் வேண்டுமா? உவரிக் கடலில் போட்டுப் பார்த்த அனுபவம்

படகில் மாட்டி, தண்ணீருக்கு அடியில் இருப்பதைத் திரையில் பார்க்கிற கருவிதான் ஃபிஷ் ஃபைண்டர். அது இரண்டு வகையாகக் கிடைக்கிறது. ஒன்று ஆழத்தையும் மீனையும் மட்டும் காட்டும். இன்னொன்றில் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்திருக்கும், விலை கூடுதல். போனிலேயே ஜிபிஎஸ் இருக்கும்போது எதற்குத் தண்டச் செலவு என்று பலரும் கேட்கிறார்கள். ஜிபிஎஸ் உள்ளதை வாங்கி உவரிக் கடலிலும் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு குளத்திலும் போட்டுப் பார்த்துவிட்டேன். கடலுக்குப் போகிறவர்கள் அந்தக் கூடுதல் காசைத் தாராளமாகக் கொடுக்கலாம். குளத்துக்குத் தேவையே இல்லை.

காரணம், கருவி கீழே பார்க்கும் விதத்தில் இருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும் டிரான்ஸ்டியூசர் என்ற உணரி அனுப்பும் ஒலி தரையில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆழம் தெரிகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். ஆனால் அது நேர்கோடாக இறங்காது, கூம்பாக விரியும். என் கருவியில் 200 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அந்தக் கூம்பு ஏறத்தாழ 20 டிகிரி. 20 பாகம் ஆழத்தில், அதாவது 36 மீட்டர் சொச்சத்தில், தரையில் 13 மீட்டர் அகல வட்டம்தான் கண்ணுக்குப் படும். பக்கத்திலேயே பார், அதாவது மீன் கூடும் கடலடிப் பாறை மேடு, இருந்தாலும் வட்டத்துக்கு வெளியே என்றால் திரையில் வராது. திறந்த வானத்தில் ஜிபிஎஸ் பிழை 3 முதல் 5 மீட்டர். வட்டத்துக்குள் அது அடங்கிவிடுகிறது. குறித்து வைத்த இடத்துக்குத் திரும்பிப் போனால் பார் மறுபடி திரையில் வரும்.

என்னைப் பைபர் படகில் கூட்டிக்கொண்டு போகிற அண்ணாச்சிக்கு இதெல்லாம் வேண்டாம். மேற்கே மலையையும் கரையில் கோயில் கோபுரத்தையும் நேராக்கி ஒரு கோடு, கூடங்குளம் அணு உலையின் குவிமாடத்தை வைத்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் எஞ்சினைக் குறைப்பார், கீழே பார் இருக்கும். அந்தக் கண் வர ஒரு ஆயுள் வேண்டும். மூட்டமாக இருக்கிற நாளில் கரையே தெரியாது. அப்போது அவரே கருவியைத்தான் எட்டிப் பார்க்கிறார்.

போன் போதாதா என்ற கேள்விக்குப் பதில் எனக்குக் கடலில்தான் கிடைத்தது. தட்டையாக ஓடிக்கொண்டிருந்த தரை திரையின் வலது ஓரத்தில் மெல்ல மேலே எழும்பி, கோடு தடித்தது. “தம்பி, இந்தா ஏறுதுல்லா, குறிச்சுக்கோ” என்றார் அண்ணாச்சி. மேடு முழுசாகத் தெரிவதற்குள் படகு அதைத் தாண்டிவிட்டது. ஒரு நாட் வேகத்தில் மிதந்தாலே நிமிடத்துக்கு 30 மீட்டர் நகர்ந்துவிடும். ஈரக் கையைத் துடைத்து, போனைத் திறந்து குறிப்பதற்குள் இரண்டு வட்டம் தள்ளிப் போயிருப்போம். கருவியில் அந்தப் பிரச்சினை இல்லை. அம்புக்குறியை இடது பக்கம் நகர்த்தி, தாண்டி வந்த மேட்டின் உச்சியில் வைத்து அமுக்கினால் போதும். அந்த நொடி படகு எங்கே இருந்ததோ அந்த இடம் பதிவாகிறது. ஆழமும் இடமும் ஒரே பெட்டிக்குள் இருப்பதன் பலன் இதுதான். நான் காசு கொடுத்தது இதற்கே என்று சொல்வேன்.

அப்புறம், வந்த வழி திரையில் கோடாக விழுவது. எஞ்சினை நிறுத்திவிட்டால் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் இழுக்கிறது என்று கோடே சொல்லிவிடும். அதற்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நங்கூரம் போட்டு, கயிற்றை விட்டு விட்டுப் பாரின் ஓரத்துக்கு வந்தோம். கலவாயும் விளமீனும் அந்த ஓரத்தில்தான் கடித்தன. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: படகு நகராமல் நிற்கும்போது அணியம் (படகின் முன்பக்கம்) எந்தத் திசையில் இருக்கிறது என்று ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது. அதற்குத் திசைகாட்டி தனியாக வேண்டும்.

என்னுடையது கார்மின் ஸ்ட்ரைக்கர் வகை. ஜிபிஎஸ் உண்டு, கடல் வரைபடம் கிடையாது. எனக்கு அது குறையாகப் படவில்லை. வரைபடம் அண்ணாச்சி தலையில் இருக்கிறது.

குளத்தில், குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு, மடைப் பக்கம் போட்டேன். ஆழம் 3 மீட்டர். கூம்பின் வட்டம் ஒரு மீட்டர்தான், ஜிபிஎஸ் பிழையோ அதைவிடப் பெரிது. குறித்த இடத்துக்குத் திரும்பினால் முங்கிக் கிடந்த மரம் ஒரு தடவை தெரிகிறது, மறுதடவை காணோம். கலிங்கையும் கரைப் பனையையும் அடையாளம் வைத்துப் போனதே சுலபமாக இருந்தது.

பார்கள் இருக்கும் இடத்தின் ஜிபிஎஸ் எண்களை நான் யாருக்கும் கொடுப்பதில்லை, அது அண்ணாச்சி வீட்டுச் சொத்து. அவர் மகனுக்கு மட்டும் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். அப்போது ஒரு விஷயம் தெளிவானது. அவன் போன் அட்சரேகையை 8.225 என்று தசமத்தில் காட்டும். என் கருவியோ டிகிரி, நிமிடம் என்று காட்டும். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60-ஆல் பெருக்க வேண்டும்: 8 டிகிரி 13.5 நிமிடம். அப்படியே 22.5 நிமிடம் என்று அடித்தால் வடக்கே 16 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கரைக்குள்ளே கொண்டுபோய் நிறுத்தும். கருவி வாங்கியதும் முதலில் செட்டிங்கில் இதைப் பார்த்து, இரண்டையும் ஒரே முறைக்கு மாற்றிவிடுங்கள்.