ஒரே தாய் வீட்டுப் பிள்ளைகள்

1954-ஆம் ஆண்டின் கேடிலாக் காரையும், கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் கனடா அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பத் தொடங்கிய எம்2 வகை டீசல் ரயில் எஞ்சின்களையும் என் மனம் எப்போதும் அருகருகே நிறுத்திப் பார்க்கிறது. இரண்டும் ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்தில் பிறந்தவை. காரில் எட்டு சிலிண்டர்களும் சேர்ந்து 5.4 லிட்டர்தான். எம்2-வின் உள்ளே இருக்கும் 567 வகை டீசல் எஞ்சினிலோ, பன்னிரண்டு சிலிண்டர்களில் ஒன்று மட்டுமே 567 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 9.3 லிட்டர்.

சிறுவயதில் கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் அப்பாவின் கையைப் பிடித்தபடி, எஞ்சினின் பக்கவாட்டில் 'ஒன்டாரியோ' என்றிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். கனடிய மாகாணங்களின் பெயர்களை நான் கற்றது பூகோளப் புத்தகத்தில் அல்ல, இப்படி எஞ்சின்களின் பெயர்களில்தான். நின்றபடியே அது உறுமும்போது மேடையின் சிமெந்துத் தரை உள்ளங்காலில் அதிரும். சூடேறிய எண்ணெயின் வாசனை சட்டையிலேயே தங்கிவிடும்.

காரின் குரோமியப் பளபளப்பு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் டீசல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்ற, அந்த மின்சாரம் அச்சுகளிலுள்ள மோட்டார்களுக்குப் பாய்ந்து, நீண்ட வண்டித் தொடர் குலுங்காமல் நகரத் தொடங்கும் அந்த முதல் கணத்தையே நான் சொகுசு என்பேன்.