லெட்ரோசோலும் முழங்காலும்

ஜனவரி 7

மார்கழிக் கோலம் இன்றும் நாலு புள்ளியோடு முடிந்தது. விரலிடுக்கில் மாவு நிற்கவில்லை. இழையாக விழ வேண்டியது திட்டுத்திட்டாக விழுந்தது. தூங்கி எழுந்ததும் கையை மடக்கினால் விரல் நுனி உள்ளங்கையைத் தொட அரை மணி நேரம் பிடிக்கிறது. எதிர்வீட்டு மதினி வாதம் என்று தீர்ப்புச் சொல்லி நொச்சி இலை கொடுத்தனுப்பினார். ஒத்தடம் இதமாக இருந்தது. மாடிப்படியில் முழங்கால் பழையபடியே முரண்டு பிடித்தது.

ஜனவரி 10

புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டேன். மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்பிலும் தசையிலும் அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கொஞ்சம் தயாரித்துக்கொண்டே இருக்குமாம். மார்பகப் புற்றுநோய்க்காக நான் தினமும் விழுங்கும் 2.5 மில்லிகிராம் லெட்ரோசோல் மாத்திரை அந்த நொதியைத்தான் தடுக்கிறது. கட்டிக்குத் தீனி நிற்கும்போது மூட்டுக்கும் எலும்புக்கும் கிடைத்துவந்ததும் நின்றுவிடுகிறது. இந்த வகை மாத்திரை சாப்பிடுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மூட்டுவலி உண்டாம்.

“வலிக்கிறது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் அம்மா. தாங்க முடியாவிட்டால் சொல்லுங்கள், வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்க்கலாம்” என்று சொல்லி, பிசியோதெரபிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஐந்து வருட மாத்திரை. இப்போதுதான் முதல் வருடம்.

ஜனவரி 20

பிசியோதெரபிஸ்ட் என் மகளைவிடச் சின்னப் பெண்; கண்டிப்பில் எங்கள் பழைய தலைமையாசிரியை. முதலில் எலும்பு அடர்த்தி ஸ்கேனைத்தான் கேட்டாள். அதில் டி ஸ்கோர் என்ற அடர்த்தி எண் மைனஸ் 1.8. மைனஸ் 2.5-ஐத் தொட்டால் எலும்புப்புரை, அதாவது எலும்பு எளிதில் முறியும் நிலை. நான் அதற்கு முந்தைய படியில் நிற்கிறேன்.

பிறகு கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னாள். முதல் தடவை எழவே முடியவில்லை. “பாதத்தைப் பின்னுக்கு இழுங்கள் டீச்சர், மூக்கு முழங்காலுக்கு மேலே வரட்டும், இப்போது எழுங்கள்” என்றாள். எழுந்துவிட்டேன்! அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வையும் சொன்னாள். 2015-இல் வெளியானது. இதே வகை மாத்திரையால் மூட்டுவலி வந்த 121 பெண்கள். ஒரு சாராருக்கு வாரம் 150 நிமிட நடையும் இரண்டு நாள் எடைப் பயிற்சியும். ஓராண்டில் அவர்களுடைய கடும் வலி ஏறக்குறைய 29 சதவீதம் குறைந்ததாம். முழுக்கப் போய்விடும் என்று அவள் சொல்லாததால்தான் நம்பினேன்.

பிப்ரவரி 2

தெப்பக்குளத்தைச் சுற்றி நடை, பிறகு யோகா. இந்த ஆசிரியை ஸ்கேன் தாளைக் கையில் வாங்கிப் படித்தார். தலைகீழ் ஆசனமும், முதுகை வளைத்துக் காலைத் தொடுவதும், இழுத்துத் திருகுவதும் வேண்டாம் என்று தள்ளிவிட்டார். முன்பு விசாரித்த இடத்தில் எல்லோருக்கும் ஒரே சூரிய நமஸ்காரம்தான். இங்கே கையைத் தரையில் ஊன்றாமல் சுவரில் ஊன்றுகிறோம், மணிக்கட்டு தப்பிக்கிறது. வீரபத்ராசனம், நாற்காலியைப் பிடித்தபடி. கடைசியில் நீண்ட மூச்சு. வலி அதனால் குறைகிறதா என்று சொல்லத் தெரியவில்லை. இரவு விழித்து விழித்துப் படுப்பது குறைந்திருக்கிறது.

பிப்ரவரி 11

ஊரிலிருந்து வந்த அத்தை, “உடம்பு இப்படி இருக்கும்போது நடையென்ன, ஆசனமென்ன, பேசாமல் படு” என்றார். அன்பில் சொல்வதுதான். ஆனால் நாள் முழுக்கப் படுத்தால் மறுநாள் காலை எனக்கு எப்படி விடியும் என்று அவருக்குத் தெரியாது. இந்த வலிக்கு அசைவுதான் மருந்து.

பிப்ரவரி 19

வலது மோதிர விரல் மடங்கினால் ‘டக்’கென்று மாட்டிக்கொள்கிறது. இதற்கு ஆசனம் எதுவும் உதவாது. இரவில் விரலை நீட்டி வைக்க ஒரு பட்டை கொடுத்திருக்கிறாள் பிசியோதெரபிஸ்ட். அறுவை சிகிச்சையில் இடது அக்குளின் நெறிக்கட்டிகளை (நிணநீர் முடிச்சுகளை) அகற்றியிருப்பதால் அந்தக் கை வீங்கக்கூடும் என்று எடையை மெல்லத்தான் கூட்டுகிறாள்; அதற்குமுன் டேப் வைத்து இரண்டு கையின் சுற்றளவையும் அளந்தாள். வீக்கமில்லை. எடைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதுமாம். கடையில் டம்பெல் விலை விசாரித்துவிட்டு வந்த என் வீட்டுக்காரருக்கு ஏக நிம்மதி.