வடுவா, உறக்கமா? அப்பாவுக்கு எடுத்த இதய எம்.ஆர்.ஐ.

சென்ற ஆண்டு ஐப்பசியில், சம்பா நடவு முடிந்த வாரம், மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இருந்த அப்பாவுக்கு மூச்சுத் திணறியது. இரண்டு நாள் முன்பு வந்த நெஞ்சுவலியை வாயு என்று எண்ணி ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்திருக்கிறார், அதுவே மாரடைப்பு. தஞ்சாவூரில் எடுத்த எக்கோவில் (ஒலியலைப் படம்) பம்பிங், அதாவது இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 30 சதவீதம்; ஆஞ்சியோவில் இதயத்துக்கு ரத்தம் தரும் மூன்று குழாய்களிலும் அடைப்பு.

உடனே பைபாஸ் என்று எதிர்பார்த்தோம். மருத்துவரோ, அசையாமல் கிடக்கும் தசை செத்து வடுவாகிவிட்டதா, ரத்தம் குறைந்ததால் செலவைச் சுருக்கிக்கொண்டு உறங்குகிறதா என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றார். சாதாரண எக்கோவில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியுமாம், அதனால் இதய எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். "உப்பு ஏறிய வயலா, தண்ணீர் காணாத வயலா என்று பார்க்கப் போகிறார்கள், அவ்வளவுதானே?" என்றார் அப்பா. அதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் விளக்கவில்லை.

மாரடைப்பு வந்த புதிதில் தசையில் நீர் கோத்திருப்பதால் வடு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும் என்று ஆறு வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். காடோலினியம் என்ற மருந்தை ஊசியில் செலுத்துவதால், சிறுநீரகம் தாங்குமா என்று ரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்த்தார்கள். திருச்சியில் ஸ்கேன் அறை வாசலில்தான் சிக்கல் வந்தது. நாற்பது ஆண்டுகளாகக் கழற்றாத வெள்ளி அரைஞாணை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே மூச்சை வெளியே விட்டு அடக்கச் சொன்னபோதெல்லாம் அப்பாவுக்கு இருமல் வந்ததால் படங்கள் கலங்கிப்போய், அன்று திரும்பிவிட்டோம். அடுத்த பத்து நாள் திண்ணையில் உட்காரவைத்து, கைப்பேசியில் நேரம் பார்த்துப் பதினைந்து நொடி மூச்சடக்கப் பழக்கினேன். போகிறவர்கள் இதை முன்பே செய்துவிடுங்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மருந்து செலுத்திப் பத்து நிமிடங்களுக்குப் பிறகு எடுக்கும் படங்களே முக்கியம்: உயிருள்ள தசையிலிருந்து மருந்து வடிந்துவிடுவதால் அது கறுப்பாகவும், மருந்து தங்கிவிடும் வடு வெள்ளையாகவும் தெரிகின்றன. இடது கீழறையை 17 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சுவரின் எவ்வளவு தடிமன் வெளுத்திருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அப்பாவுக்கு நுனியில் நான்கு பகுதிகள் முக்கால் பங்குக்கு மேல் வெளுப்பு. முன்சுவரிலும் பக்கச்சுவரிலும் வெளுப்பு மிகக் குறைவு.

2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், சரியாக அசையாதிருந்த பகுதிகளில் வெளுப்பே இல்லாதவற்றுள் 78 சதவீதம், ரத்த ஓட்டத்தைச் சீராக்கிய பின் மேம்பட்டன. முக்கால் பங்குக்கு மேல் வெளுத்த 58 பகுதிகளில் ஒன்றே ஒன்றுதான் மேம்பட்டது. இதை மருத்துவர் காட்டியபோது எனக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் அவரே இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார்: 2022இல் வெளியான, பம்பிங் மிகக் குறைந்த 700 பேரை வைத்து நடந்த ஆய்வில், உயிருள்ள தசை இருப்பதை உறுதிசெய்துகொண்டு, அடைத்த குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தும், மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட இறப்போ இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்வதோ குறையவில்லை. தசை மீள்வதும் ஆயுள் நீள்வதும் வெவ்வேறு கேள்விகள் என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டது நல்லதாயிற்று. மூன்று குழாய்களிலும் அடைப்பு இருந்ததால் பைபாஸுக்கே சம்மதித்தோம்.

மார்கழியில் அறுவை முடிந்தது. ஆனியில் எடுத்த எக்கோவில் பம்பிங் 41. முன்சுவர் அசைகிறது, நுனி, படத்தில் வெளுத்திருந்த அதே இடம், அப்படியே கிடக்கிறது. வெட்டிய அரைஞாணை அப்பா இன்னும் பற்றவைக்கவில்லை. அடுத்த ஸ்கேனுக்கு மறுபடி வெட்டச் சொல்வார்களாம்.