புயலில் அடிபட்ட கப்பல்களின் சாட்சியங்களைத் தேடி கியூவுக்குப் போனேன்

சரக்குக் கப்பலில் சீஃப் ஆபீசராக இருந்த காலத்தில் ஒருமுறை மூன்று நாள் மோசமான கடலில் அடிபட்டுத் துறைமுகம் வந்து சேர்ந்தோம். கயிறு கட்டி முடித்ததும் கேப்டன் முதல் வேலையாக நோட்டரியிடம் போய் 'நோட் ஆஃப் புரொடெஸ்ட்' பதிவு செய்தார். சரக்கு நனைந்திருந்தால் அது கடல் செய்தது, எங்கள் கவனக்குறைவு இல்லை என்று முன்கூட்டியே சொல்லி வைக்கும் காகிதம் அது. லாக் புக்கைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். என் தாத்தா தூத்துக்குடியில் தோணித் தண்டலாக, அதாவது தோணியின் தலைவராக இருந்தவர். இன்ஜினே இல்லாத பாய்க்கப்பல் காலத்தில் இதையெல்லாம் எப்படி நிரூபித்தார்கள் என்று அன்று தோன்றிய கேள்வி மனதை விட்டுப் போகவே இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு, லண்டனில் மகள் வீட்டில் இருந்த நாட்களில், கியூவில் இருக்கும் நேஷனல் ஆர்கைவ்ஸுக்குப் போனேன். கப்பல், கடல் வழக்குகளை விசாரித்த இங்கிலாந்தின் பழைய அட்மிரால்டி உயர் நீதிமன்றத்தின் பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன. சாட்சி விசாரணைகளுக்கு ஹெச்.சி.ஏ. 13 என்ற வரிசை. ரீடர் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. பெயருக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று என்று இரண்டு சான்று காட்டினால் போதும். பையை லாக்கரில் வைத்துவிட வேண்டும், பேனா கூடாது, பென்சில் மட்டும். கேமராவில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் நாள் வீணாகிப் போனது. அக்காலத்து இங்கிலாந்தில் புது வருடம் மார்ச் 25-ல் பிறக்கும், 1752-ல்தான் ஜனவரி 1 ஆனது. அதாவது 1653 பிப்ரவரி என்று அவர்கள் எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1654. இது தெரியாமல் தேவையில்லாத தொகுதியைக் கேட்டு வாங்கிவிட்டேன். கையெழுத்து அடுத்த தலைவலி. 'செக்ரட்டரி ஹேண்ட்' என்கிற அந்தப் பாணியில் 'சி' எழுத்து 'ஆர்' மாதிரி இருக்கும், 'இ' தலைகீழாகத் திரும்பி நிற்கும். ஆர்கைவ்ஸின் தளத்திலேயே இலவசப் பாடம் இருக்கிறது, பத்து நாள் அதில் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். தொடங்குகிறவர்கள் 1650-களின் தொகுதிகளை எடுப்பது நல்லது. மன்னர் இல்லாத கிராம்வெல் காலத்தில் நீதிமன்ற வேலைகளை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டதால் லத்தீன் தொல்லை குறைவு.

சரி, சாட்சியத்துக்கு வருகிறேன். ஒவ்வொன்றும் ஆளின் பெயர், ஊர், தொழில், வயது 'அல்லது அதற்குப் பக்கம்' என்று தொடங்கும். வாப்பிங், ராட்கிளிஃப், லைம்ஹவுஸ் என்று தேம்ஸ் கரையில் மாலுமிகள் குடியிருந்த பகுதிகள்தான் திரும்பத் திரும்ப வரும். சாட்சிகளைத் தனித்தனியாக உட்காரவைத்து, முன்பே எழுதிவைத்த கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தர் 'இந்தச் சாட்சி சொல்வதாவது' என்று படர்க்கையில் எழுதிக்கொள்வார்.

நான் ஒரு நாள் முழுக்கச் செலவழித்தது ஒரு போசனின், அதாவது பாய், கயிறு வேலைகளைக் கவனிக்கும் மாலுமித் தலைவரின் சாட்சியத்தில். கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து நிமிராமல் கிடந்ததால் பெரிய பாய்மரத்தைக் கோடாலியால் வெட்டிக் கடலில் தள்ளியது, பம்ப் அடிக்க ஆள் மாற்றி மாற்றி நின்றது, எல்லாம் சுருக்கமாக இருக்கிறது. ஆனால் அவர் விரிவாகச் சொல்வது புயலுக்கு முந்தின சமாச்சாரம்: கப்பல் கிளம்பும்போது நீர் புகாமல் உறுதியாக இருந்தது, ஹேட்சுக்கு, அதாவது சரக்கறையின் மூடிக்கு, இடுக்கு அடைக்கும் கலப்பத்து சரியாக அடித்திருந்தது, சரக்கு நனையாமல் இருக்க அதன் அடியில் போதிய டன்னேஜ் (மரக்கட்டை, பாய் மாதிரியான அணை) போட்டிருந்தது. எனக்கு உடனே அந்த நோட்டரி அலுவலகம் நினைவுக்கு வந்தது. அங்கே எங்களிடமும் இதையேதான் கேட்டார்கள். நஷ்டம் கப்பல் முதலாளிக்கா சரக்கு வியாபாரிக்கா என்பது புயல் எவ்வளவு பெரிது என்பதில் மட்டும் இல்லை, கப்பல் எந்த நிலையில் கிளம்பியது என்பதிலும் இருந்தது. எல்லோரையும் காப்பாற்ற மரத்தை வெட்டினாலோ சரக்கை வீசினாலோ அந்த நஷ்டத்தைக் கப்பலும் மிச்சச் சரக்கும் சேர்ந்து பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ரோமானியர்கள் ரோட்ஸ் தீவின் சட்டம் என்று எழுதிவைத்தது, இன்றும் ஜெனரல் ஆவரேஜ் என்ற பெயரில் நடக்கிறது.

அந்த மனிதர் பொய் சொன்னாரா என்று கேட்டால், அவருக்கும் வயிறு இருந்தது என்பதை மறக்கக் கூடாது. கப்பல் வாடகை வந்தால்தான் மாலுமிக்குச் சம்பளம் என்பது அன்றைய வழக்கம். எதிர்த்தரப்புக்கும் இது தெரியும், அதனால் உனக்குச் சம்பளப் பாக்கி உண்டா, இந்த வழக்கில் உனக்கு என்ன லாபம் என்று கேட்டிருக்கிறார்கள். பதில்கள் மட்டும்தான் இந்தத் தொகுதியில் இருக்கின்றன. கேள்விகள் ஹெச்.சி.ஏ. 23 என்ற வேறு வரிசையில், அதையும் சேர்த்து எடுக்காமல் படித்தால் சாட்சி ஏன் திடீரென்று டன்னேஜ் பற்றிப் பேசுகிறார் என்றே புரியாது.

பக்கத்தின் அடியில் கையெழுத்து இல்லை. எழுதத் தெரியாத அவர் ஒரு சின்ன நங்கூரம் வரைந்திருக்கிறார், ஒரு பக்கக் கொக்கி மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது. அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் கேள்வித் தொகுதிக்காக மறுபடி போகிறேன்.