துத்தநாகத் தகடும் ஒரு துண்டு உப்புத்தாளும்

"ஏம்ப்பா, வெளிச்சத்தை எவ்வளவு கூட்டினாலும் எலக்ட்ரான் வராதுன்னா, அந்த வெளிச்சம் எல்லாம் எங்க போகுது?"

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் கேட்டாள். நானும் அந்த வயதில் ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் ஒளிமின் விளைவின் சமன்பாட்டை அடி பிறழாமல் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான். ஆனால் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சரி, செய்தே பார்த்துவிடுவோம் என்று இருவரும் உட்கார்ந்தோம்.

ஊறுகாய் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு ஒரு செம்புக் கம்பியை இறக்கி, கீழ்முனையில் மெல்லிய அலுமினியத் தாளில் இரண்டு இலைகளைத் தொங்கவிட்டோம். மேல்முனையில் துத்தநாகத் தகடு. அதைத் தீர்ந்துபோன பெரிய டார்ச் பேட்டரியிலிருந்து எடுத்தோம். கார்பன் வகை பேட்டரியின் உள்கூடு துத்தநாகம்தான். பிரித்து, கழுவி, தட்டித் தட்டையாக்கினோம். பிவிசி குழாயைக் கம்பளியில் தேய்த்துத் தகட்டில் இழுத்தால் எதிர்மின்னூட்டம் ஏறி இலைகள் விரியும். ஒளி பட்டு எலக்ட்ரான்கள் வெளியேறினால் அந்த மின்னூட்டம் குறைந்து இலைகள் விழ வேண்டும். ஈரக்காற்றில் அது தானாகவே கசிந்துவிடும் என்பதால், ஹேர் டிரையரால் பாட்டிலை நன்றாகக் காயவைத்த பிறகு நான்கு நிமிடம் வரை நின்றது.

முதலில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சை அடித்தோம். அதன் அலைநீளம் 395 நானோமீட்டர். இலை அசையவில்லை. இரண்டு டார்ச் வைத்தோம், பக்கத்தில் கொண்டுபோனோம், அப்போதும் அதே நான்கு நிமிடம்தான்.

1240ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஒரு ஃபோட்டானின், அதாவது ஒளியின் ஒரு பொட்டலத்தின், ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் கிடைக்கும். 395க்கு 3.14 வருகிறது. துத்தநாகத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், அதாவது வெளியேற்று ஆற்றல், ஏறக்குறைய 4.3. இருபதடிக் கிணற்றில் பதினைந்தடிக் கயிறு நூறு இருந்தாலும், ஒவ்வொன்றாக இறக்கினால் வாளி தண்ணீரைத் தொடாது. கயிறுகளை முடிச்சுப் போடவும் இங்கே வழியில்லை. ஓர் எலக்ட்ரானுக்கு ஒரு ஃபோட்டான், அவ்வளவுதான். 1905இல் ஐன்ஸ்டீன் சொன்னதன் சாரம் இது. எட்டாத வெளிச்சம் தகட்டில் பட்டுத் திரும்புகிறது, மிச்சம் சூடாகிவிடுகிறது. மகளின் கேள்விக்கு அதுதான் பதில்.

அடுத்து, தண்ணீர் சுத்திகரிப்பானுக்குப் போடும் யுவி குழல்விளக்கைச் சோக்கோடு வாங்கினோம். 254 நானோமீட்டர், அதாவது 4.88 எலக்ட்ரான் வோல்ட். இது கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். அட்டைப்பெட்டிக்குள் வைத்து, சுவிட்சை வெளியே எடுத்து, பாதுகாப்புக் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டுதான் ஏற்றினோம். கணக்குப்படி இலை விழ வேண்டும். விழவில்லை.

இங்கேதான் ஒரு மாலை முழுக்கப் போனது. விளக்கைச் சந்தேகப்பட்டேன், சோக்கைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் சாம்பல் பூத்திருந்தது. உப்புத்தாளால் பத்துப் பதினைந்து இழுப்பு இழுத்ததும் கருப்பாகப் பொடி உதிர்ந்து, புது வெள்ளிக்காசு மாதிரி பளிச்சென்று ஆனது. உடனே மின்னூட்டம் ஏற்றி விளக்கைப் போட்டோம். பத்து நொடிக்குள் இரண்டு இலையும் ஒட்டிக்கொண்டன. மகள் கத்தியே விட்டாள்.

நடுவில் ஜன்னல் கண்ணாடித் துண்டை வைத்தால் இலை நின்றுவிடுகிறது. சாதாரணக் கண்ணாடி 254ஐ உள்ளே விடாது. தூண்டல் முறையில் நேர்மின்னூட்டம் ஏற்றினாலும் இலை விழவில்லை. வெளியே வரும் எலக்ட்ரானைத் தகடு திரும்ப இழுத்துக்கொள்கிறது. 1888இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹால்வாக்ஸ் துத்தநாகத் தகட்டில் கண்டதும் இதுதான்.

ஆனால் என்னை உலுக்கியது உப்புத்தாள்தான். வெளியேற்று ஆற்றலை உலோகத்தின் அடர்த்தி மாதிரி, உள்ளுக்குள் நிலையாக இருக்கும் ஓர் எண் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அது பரப்பைச் சேர்ந்த சங்கதி. காற்று பட்டு மேலே ஆக்சைடு படிந்தால் மாறும். ஒரே உலோகப் படிகத்தின் எந்த முகம் வெளியே தெரிகிறது என்பதைப் பொறுத்துக்கூட மாறும். செம்புக்கு 4.5 முதல் 5 வரை விதவிதமாக எண் போட்டிருப்பது அதனால்தான். எந்தப் புத்தகம் சரி என்று மாணவர்கள் சண்டை போடவே வேண்டாம்.

இதைப் பார்த்த பிறகு அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் மேல் பெரிய மரியாதை வந்தது. ஐன்ஸ்டீனின் சமன்பாட்டை நம்பாமலேயே சோதிக்கப் போனவர் அவர். சோடியம், பொட்டாசியம், லித்தியம் எல்லாம் காற்றுப் பட்ட நொடியே மங்கிவிடும். அதனால் வெற்றிடக் குழாய்க்குள்ளேயே ஒரு கத்தியை வைத்து, வெளியிலிருந்து காந்தத்தால் இயக்கி, உலோகத்தைச் சீவிச் சீவிப் புதுப்பரப்பில் அளந்தார். ஒளியின் அதிர்வெண்ணை ஃபோட்டானின் ஆற்றலாக மாற்றித் தரும் எண்ணான பிளாங்க் மாறிலிக்கு 1916இல் அவர் வெளியிட்ட அளவு இன்றைய மதிப்புக்கு ஒரு சதவீதத்துக்குள் வருகிறது.

மறுநாள் காலை அதே தகட்டைத் தேய்க்காமல் வைத்தோம். இலை விழ ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. மகள் உப்புத்தாளை எடுத்து, இந்த முறை பாதித் தகட்டை மட்டும் தேய்க்க ஆரம்பித்தாள்.